திரும்பி வராத விமானங்களை எண்ணியவர்

இந்த இதழில் ஒரு போட்டோவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1943 பிப்ரவரி 1. வட ஆப்பிரிக்காவில் துனிஸ் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு அமெரிக்க விமானம். பி-17 ரகம், நான்கு எஞ்சின், பெயர் ஆல் அமெரிக்கன். வழியில் ஒரு ஜெர்மன் சண்டை விமானம் வந்து அதன் பின்பகுதியில் மோதியது. வாலின் இடது பக்கக் கிடைத்தகடு முழுசாகப் பிய்ந்து போய்விட்டது. வாலுக்கும் உடலுக்கும் நடுவே பெரிய வெட்டு. கொஞ்சம் உலோகம் மட்டும்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அது பறந்துகொண்டிருப்பதைப் பக்கத்து விமானத்திலிருந்து ஒருவர் படம் எடுத்தார். அல்ஜீரியாவில் பிஸ்க்ரா அருகே இருந்த தளத்தில் அது பத்திரமாக இறங்கியது. உள்ளே இருந்த பத்துப் பேருக்கும் காயம் இல்லை. பிறகு பழுது பார்த்து மறுபடியும் பறக்க விட்டார்கள்!

இந்தப் படத்தைப் பார்க்கிற எவனும் முதலில் நினைப்பது ஒன்றுதான்: என்னா பில்ட் குவாலிட்டி! நானும் அப்படித்தான் நினைத்தேன். பி-17க்குப் பறக்கும் கோட்டை என்று பெயர் நிலைத்ததற்கு இந்த மாதிரிப் படங்களும் ஒரு காரணம். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அதே மாதிரி வாலில் அடிபட்டு, அப்படியே இரண்டாக முறிந்து கடலில் விழுந்த விமானம் இருந்திருந்தால், அதை யார் வந்து போட்டோ எடுப்பார்கள்? எந்தத் தளத்தில் நிறுத்தி ஓட்டைகளை எண்ணுவார்கள்?

இந்தச் சந்தேகம் நமக்கு வந்தால், சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சமன்பாடு வரை போனவர் ஆபிரகாம் வால்ட். அவர் குண்டுவீச்சு விமானம் ஓட்டியதில்லை, விமானம் வடிவமைத்ததும் இல்லை. வால்ட் என்று ஒருவர் இருப்பது அந்த விமானங்களில் பறந்த பையன்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அவருடைய வாழ்க்கை முடிந்த இடம் நம்ம நீலகிரி. அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் அந்தப் பத்துப் பேர் யார் என்று பார்த்துவிடுவோம். இரண்டு விமானிகள். மூக்குப் பகுதியில் வழி பார்ப்பவர் ஒருவர், குண்டு போடுபவர் ஒருவர். எஞ்சின்களைக் கவனித்துக்கொண்டே மேல் கூண்டுத் துப்பாக்கியையும் பிடிக்கும் எஞ்சினியர். ரேடியோக்காரர். வயிற்றுப் பகுதியில் தொங்கும் உருண்டைக் கூண்டுக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவர். இடுப்புப் பகுதியில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர். வாலில் தனியாக ஒருவர். பெரும்பாலும் நம்ம வயசு, மிஞ்சினால் இரண்டு மூன்று வயசு கூட. 25,000 அடி உயரம், ஆக்சிஜன் முகமூடி, மைனஸ் 40 டிகிரி குளிர். அவர்களுக்கும் எதிரியின் குண்டுக்கும் நடுவே இருந்தது பெரும்பாலும் மெல்லிய அலுமினியத் தகடு.

இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் போன இந்தக் குழுக்களுக்கு 1943ல் ஒரு கணக்கு இருந்தது. 25 முறை போய் வந்தால் வீட்டுக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நான்கு விமானம் விழுகிறது என்று வைத்துக்கொண்டு கால்குலேட்டரை எடுங்க. 0.96ஐ 25 தடவை பெருக்கினால் 0.36 வரும். அதாவது மூன்றில் ஒருவர்தான் வீடு திரும்புவார். நான்கு சதவீதம் என்பது ரொம்ப மோசமான நாளும் கிடையாது. மோசமான நாள் என்றால் 1943 அக்டோபர் 14. ஷ்வைன்ஃபுர்ட் நகரத்து பால் பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்க அன்று 291 பி-17கள் அனுப்பப்பட்டன. 60 விழுந்தன. ஒரே மத்தியானத்தில் சுமார் 600 பேர் இறந்தோ பிடிபட்டோ போனார்கள்.

கவசத் தகடு போட்டால் என்ன என்று கேட்பீங்க. போடலாம். ஆனால் ஒவ்வொரு கிலோ தகடும் ஒரு கிலோ பெட்ரோலையோ ஒரு கிலோ குண்டையோ குறைக்கும். எடை கூடினால் ஏறுவது மெதுவாகும். கூட்டத்தை விட்டுப் பின்தங்கும் விமானத்தைத்தான் எதிரி முதலில் தேடி அடிப்பான். ஆகவே எல்லா இடத்திலும் போட முடியாது. எங்கே போடுவது என்று சரியாகத் தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள கையில் இருந்ததெல்லாம் திரும்பி வந்த விமானங்களும் அவற்றில் இருந்த ஓட்டைகளும்தான்.

இனி வால்டின் கதை.

1902 அக்டோபர் 31ல் கொலோஷ்வார் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் ருமேனியாவுக்குப் போய் குளூஜ் ஆனது. 1940ல் மறுபடியும் ஹங்கேரி எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ருமேனியா. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, நாடு மட்டும் மாறிக்கொண்டே இருந்த ஊர். தாத்தா யூத மதகுரு, அப்பா பேக்கரிக்காரர். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பள்ளிக்கூடமோ சனிக்கிழமையும் உண்டு. அதனால் பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரான அண்ணன் ஒருவரும் பாடத்துக்கு உதவினார் (ட்ரிபிள்-ஈ மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்).

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்து வியன்னா போனார். கார்ல் மெங்கர் என்ற கணித மேதையிடம் வடிவியல் படித்து 1931ல் முனைவர் பட்டம் வாங்கினார். வேலை? கிடைக்கவில்லை. ஆஸ்திரியாவில் அப்போது பொருளாதாரம் படுத்துக் கிடந்தது. வெளிநாட்டுக்காரர், அதிலும் யூதர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வழியே இல்லை. மெங்கர் பார்த்து ஒரு வங்கியாளருக்குக் கணக்கு டியூஷன் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் நடத்திய பொருளாதார ஆய்வு நிலையத்தில் வேலை. சுத்தமான வடிவியலில் ஊறியவர் சோற்றுக்காகப் புள்ளியியல் பக்கம் வந்தார். கோர் கம்பெனி கிடைக்காமல் வேறு துறைக்குப் போய் அங்கே கலக்கியவர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தது. வால்டிடம் டியூஷன் படித்த அந்த வங்கியாளர் கார்ல் ஷ்லெசிங்கர் அந்த நாட்களிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அமெரிக்காவில் கௌல்ஸ் ஆணையம் என்ற பொருளாதார ஆய்வு அமைப்பிலிருந்து வால்டுக்கு அழைப்பு வந்தது. அந்தக் கோடையில் கிளம்பிவிட்டார். குடும்பம் ஊரிலேயே இருந்தது.

கொஞ்ச நாளில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஹோட்டலிங்கிடம் வந்து சேர்ந்தார். அமெரிக்கா போரில் இறங்கிய பின், 1942ல் கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரணக் கட்டடத்தில் புள்ளியியல் ஆய்வுக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆலன் வாலிஸ்தான் அதை நடத்தினார். மில்டன் ஃப்ரீட்மன், ஜார்ஜ் ஸ்டிக்லர் என்று பின்னாளில் நோபல் வாங்கியவர்களே அங்கே மெம்பர்கள். டார்பிடோ எப்படி விடுவது, சண்டை விமானத்தில் எத்தனை துப்பாக்கி வைப்பது, இப்படி ராணுவத்திலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு கூத்து. வால்டின் சொந்த ஊர் இருந்த ஹங்கேரி, அதற்கு முன் இருந்த ருமேனியா, இரண்டுமே ஜெர்மனி பக்கம். ஆகவே சட்டப்படி வால்ட் எதிரி நாட்டுக்காரர். அவர் எழுதுவதோ ராணுவ ரகசியம். அவர் ஒவ்வொரு தாளையும் எழுதி முடித்ததும் செகரட்டரி அதைக் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், அவர் எழுதியதை அவரே படிக்கக்கூடாது என்று அந்த ஆபீஸில் ஒரு ஜோக் ஓடியதாம்.

1943ல் விமானக் கேள்வி அவர் மேசைக்கு வந்தது. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விமானப் படத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு படம் உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தளபதிகள் ஓட்டை இருக்கிற இடத்தில் கவசம் போடச் சொன்னார்களாம், வால்ட் எழுந்து ஓட்டை இல்லாத இடத்தில் போடச் சொன்னாராம், எல்லாரும் வாயைப் பிளந்தார்களாம். அந்தப் படம் வால்ட் வரைந்தது இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து யாரோ விளக்கத்துக்காக வரைந்தது. அவர் எழுதியது எட்டு குறிப்புகள். அவற்றில் இப்படிச் சினிமா சீன் எதுவும் கிடையாது, கணக்குதான் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தக் கணக்குதான் சீனைவிட நன்றாக இருக்கிறது. வாங்க, போட்டுப் பார்ப்போம்.

அவரே கொடுத்த கற்பனை உதாரணம் இது. 400 விமானம் போகிறது, 380 திரும்புகிறது. திரும்பியதில் 320க்கு அடியே இல்லை. 32க்கு ஓர் அடி, 20க்கு இரண்டு, 4க்கு மூன்று, 2க்கு நான்கு, 2க்கு ஐந்து. மீதி 20 வரவில்லை. அவற்றுக்கு எத்தனை அடி, எங்கே அடி, எதுவும் தெரியாது. இனிமேல் தெரியப் போவதும் இல்லை. கேள்வி: ஓர் அடி விழுந்தால் விமானம் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

அடியே படாத விமானம் கண்டிப்பாகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் வராத 20ம் அடிபட்டவைதான். ஆக, அடிபட்டவை மொத்தம் 80. ஓர் அடியில் பிழைக்கும் வாய்ப்பை ப என்று வைப்போம். எந்த அடியும் விமானத்தை வீழ்த்தாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்யுங்க. அந்த உலகத்தில் 80ம் திரும்பி வரும். சரியாக ஓர் அடியோடு திரும்பியிருக்க வேண்டியவற்றில் ப பங்குதான் நிஜத்தில் திரும்பி, அது 32 ஆனது. அப்படியென்றால் அங்கே அவை 32/ப. இரண்டு அடி வாங்கியவை இரண்டு முறை பிழைக்க வேண்டும், அவை 20/ப². இப்படியே போனால்:

32/ப + 20/ப² + 4/ப³ + 2/ப⁴ + 2/ப⁵ = 80

இவ்வளவுதான். மூன்றாம் செமஸ்டர் நியூமெரிக்கல் மெத்தட்ஸில் பார்த்த நியூட்டன் ராஃப்சனை இதில் விட்டுப் பாருங்க. ப = 0.851 வரும். ஒவ்வோர் அடிக்கும் விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 15 சதவீதம். இப்போது பின்னோக்கிப் போகலாம். வராத 20ல் ஏறத்தாழ 12 முதல் அடியிலேயே விழுந்திருக்கும். ஐந்து போல இரண்டாவது அடியில். மீதி அதற்கு மேல். ஒரு துண்டு உலோகம்கூடக் கைக்கு வராத விமானங்களைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது!

அடுத்து எந்தப் பகுதி பலவீனம் என்ற கேள்வி. வானத்தில் வருகிற குண்டு எஞ்சினைப் பார்த்துத் தேடி அடிப்பதில்லை; பரப்பளவுக்கு ஏற்றபடி எல்லா இடத்திலும் விழும். இன்னோர் எடுத்துக்காட்டில் எஞ்சின்களின் பரப்பு மொத்தத்தில் 27 சதவீதம், ஆனால் திரும்பிய விமானங்களின் ஓட்டைகளில் அங்கே இருப்பது 19 சதவீதம்தான். உடல் பகுதியின் பரப்பு 35 சதவீதம், ஓட்டை 39 சதவீதம். எஞ்சினில் காணாமல் போன ஓட்டைகள் எங்கே? திரும்பாத விமானங்களோடு கீழே கிடக்கின்றன. அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார். எஞ்சினில் அடி விழுந்தால் 0.61, எரிபொருள் பகுதியில் 0.85, உடலில் 0.95, மற்ற இடங்களில் 0.98. தகடு எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவாகப் பதில் வேண்டுமா?

இவை உதாரண எண்கள், நிஜப் போர்க்கணக்கு இல்லை. ஒவ்வோர் அடியும் தனித்தனி, முந்தின அடி அடுத்ததைப் பாதிக்காது என்ற எளிமைப்படுத்தலும் இதில் இருக்கிறது. அது வால்டுக்கும் தெரியும். மீதிக் குறிப்புகளில் பெரும்பகுதி, எந்த அனுமானத்தைத் தளர்த்தினால் விடை எவ்வளவு ஆடும் என்பதைப் பற்றித்தான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அசம்ப்ஷன்ஸ் என்று ஒரு பக்கம் காப்பி அடித்து ஒட்டுகிறோமே, அந்தப் பக்கத்தை இவர் எழுதியிருக்கிறார். கொரியா, வியட்நாம் போர்கள் வரைக்கும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

அதே 1943ல் இன்னொரு வேலையும் நடந்தது. வெடிபொருள் சோதனையில் இத்தனை ஆயிரம் சுற்று சுட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கும். பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்டாலும் விதிக்காக மீதியையும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். வாலிஸும் ஃப்ரீட்மனும் இதை யோசித்துவிட்டு வால்டிடம் கொண்டுபோனார்கள். முதலில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஓரிரு நாளில் விடையோடு வந்தார். ஒவ்வொன்றையும் சோதித்த பிறகு ஏற்கலாமா, தள்ளலாமா, இன்னொன்று பார்க்கலாமா என்று முடிவெடுக்கும் தொடர்முறைச் சோதனை. சாம்பிள் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பாதியாகக் குறைத்துவிடும். போர் முடியும் வரை ரகசியமாக வைத்திருந்தார்கள். குவாலிட்டி கன்ட்ரோல் பேப்பர் எழுதுகிற மெக்கானிக்கல், ப்ரொடக்ஷன் ஆட்களுக்கு இவர் அங்கேயும் வருவார்.

1944 வசந்தத்தில் கொலோஷ்வார் யூதர்களை ஊர் ஓரத்தில் ஒரு செங்கல் சூளையில் அடைத்தார்கள். அங்கிருந்து மே, ஜூன் மாதங்களில் ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வால்டின் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரே ஒரு சகோதரர் மட்டும் பிழைத்தார்; போருக்குப் பிறகு வால்ட் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்துக்கொண்டார். 1938ல் அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் வால்டும் அந்த ரயிலில் இருந்திருப்பார். அந்த எட்டுக் குறிப்புகளை வேறு யாராவது எழுதியிருப்பார்களா என்று நான் யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கலாம். ஆனால் எழுத வேண்டிய எத்தனை பேர் அந்தச் சூளையில் அடைபட்டிருந்தார்கள் என்பதைக் கணக்குப் போட எந்தச் சமன்பாடும் இல்லை.

போர் முடிந்த பின் கொலம்பியாவிலேயே பேராசிரியராக இருந்தார். 1947ல் தொடர்முறைச் சோதனை பற்றிய புத்தகம், 1950ல் முடிவெடுக்கும் கோட்பாடு பற்றிய புத்தகம். அந்த ஆண்டுக் கடைசியில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக மனைவி லூசிலுடன் இங்கே வந்தார்.

டிசம்பர் 13. பம்பாயிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தில் இருவரும் இருந்தார்கள். டிசி-3 ரகம். போர்க்காலத்தில் ஆள் ஏற்றவும் சரக்கு ஏற்றவும் ஆயிரக்கணக்கில் செய்து குவித்த அதே டக்கோட்டா. கோத்தகிரிக்கு அருகே, ரங்கசாமி தூண் பக்கம் மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. வால்டுக்கு வயது 48.

டூர் போனபோது கோடநாடு வியூ பாயின்டில் நின்று குரூப் போட்டோ எடுத்திருப்பீங்க. கீழே மாயாறு, தூரத்தில் பவானிசாகர் தண்ணீர், இன்னொரு பக்கம் ஒற்றையாக நிற்கும் அந்தப் பாறைத் தூண். அந்தப் பக்கம்தான்.

எட்டுக் குறிப்புகளும் பொதுவில் அச்சாகி வெளிவந்தது 1980ல், அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து. பெற்றோர் இந்தியா வந்தபோது அமெரிக்காவிலேயே இருந்த இரண்டு குழந்தைகள் தப்பினார்கள். மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. வளர்ந்து சிகாகோவில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். பொதுச் சார்பியல் படிக்கிறவர்கள் கையில் இருக்கும் 1984ம் வருஷத்துத் தடிப் புத்தகத்தின் அட்டையில் வால்ட் என்று போட்டிருக்கும். அது அவர்தான்.